ஹெய்ஸ்மன் கோப்பை: ‘தகுதி’யை அளப்பவர் யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அந்த ஆண்டின் தலைசிறந்த வீரர் எனத் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் நியூயார்க் நகரில் ஒரு வெண்கலச் சிலை வழங்கப்படுகிறது. ஹெய்ஸ்மன் கோப்பை என்பது அதன் பெயர். இடக்கையில் பந்தை அணைத்தபடி, வலக்கையை நீட்டி எதிராளியைத் தள்ளிக்கொண்டு ஓடும் ஒரு வீரரின் உருவம் அது. அமெரிக்க விளையாட்டு உலகில் தனி ஒருவருக்குக் கிடைக்கும் பெருமைகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே. இதைப் பெற்றவரின் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் ஓர் அடைமொழிபோல இந்த விருது ஒட்டிக்கொள்ளும்.

1935ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் இவ்விருதின் விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை. எந்த இனத்தவரும் பெறலாம். சிறந்தவராக இருந்தால் போதும். ஆயினும் முதல் 26 விருதுகளும் வெள்ளையின வீரர்களுக்கே சென்றன. 1961இல், 27ஆவது விருதுதான் ஒரு கறுப்பின வீரரின் கைக்கு வந்தது. தடை எழுதப்படாத ஓர் இடத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தடை எவ்வாறு இயங்கியது? ‘தகுதி அடிப்படையில் மட்டுமே’ என்ற சொற்றொடரை அன்றாடம் கேட்டுப் பழகியவர்கள் இந்தக் கேள்விக்கான விடையை அறிந்துகொள்வது பயனுடையது. ஹெய்ஸ்மன் கோப்பையின் வரலாறு, ‘தகுதி’ என்பது எந்தெந்த வாயில்களைக் கடந்த பிறகு எண்ணப்படுகிறது என்பதன் வரலாறும் ஆகும்.

விருதின் பிறப்பும் வாக்கெடுப்பும்

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கும் ஆட்டம் அது. இந்தியாவில் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளுக்குக் கூடும் கூட்டத்தை வைத்து அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை மதிப்பிட இயலாது. பெரிய பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் 1,00,000 பேர் வரை கூடுகின்றனர். தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைகள் பல நூறு கோடி டாலர்களுக்கு விற்கப்படுகின்றன. தொழில்முறைக் கால்பந்துக்கான நுழைவாயிலும் இதுவே.

மன்ஹாட்டனின் தென்முனையில் இயங்கிய டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் 1935இல் இந்த விருதைத் தொடங்கியது. முதல் ஆண்டில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள கல்லூரிகளின் வீரர்கள் மட்டுமே கருத்தில் கொள்ளப்பட்டனர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் முதல் விருதைப் பெற்றார். 1936இல் அந்தக் கழகத்தின் விளையாட்டு இயக்குநரும் புகழ்பெற்ற பழைய பயிற்சியாளருமான ஜான் ஹெய்ஸ்மன் காலமானதும் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டிலிருந்து நாடு முழுவதற்குமான விருதாகவும் அது விரிந்தது.

வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்களே. நாடு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு 145 பேர் வீதம் 870 ஊடகத்தினர் வாக்களிக்கின்றனர். முன்பு விருது பெற்று உயிருடன் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு வாக்கு உண்டு. பொதுமக்களின் கருத்தெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாக்காகக் கணக்கிடப்படும். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 3 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1. கூட்டுத்தொகையில் முந்துபவர் வெற்றியாளர்.

ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்பளிக்கிறது. உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பி தீர்ப்பளிக்கிறது. இங்கோ தீர்ப்பளிப்பவை மனிதர்களின் கண்கள். யாரை அவர்கள் பார்க்கிறார்கள், யாரைப் பற்றி எழுதுகிறார்கள், யாரை நாயகனாகக் கற்பனை செய்ய அவர்களுக்கு மனம் வருகிறது என்பவை அனைத்தும் அந்த 3, 2, 1 என்ற எண்களுக்குள் வந்து சேர்கின்றன. விருதின் முதல் பல பத்தாண்டுகளில் அமெரிக்க நாளேடுகளின் விளையாட்டுப் பிரிவுகள் ஏறத்தாழ முழுவதும் வெள்ளை ஆண்களால் ஆனவை. கறுப்பினப் பத்திரிகைகளில் ஆற்றல் மிக்க விளையாட்டு எழுத்தாளர்கள் இருந்தார்கள். ஆனால் மைதானங்களில் செய்தியாளர்களுக்கான மாடம் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் முதல் கறுப்பின உறுப்பினராக சாம் லேசி சேர்க்கப்பட்டதே 1948இல்தான்.

முதல் வாயில்: ஆடுவதற்கே அனுமதி இல்லை

வாக்குச்சீட்டு கடைசி வாயில் மட்டுமே. அதற்கு முன்பே பல வாயில்கள் மூடப்பட்டிருந்தன.

தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழக அணிகளில் கறுப்பின மாணவர்களுக்கு இடமே இல்லை. 1938இல் டெக்சஸ் கிறிஸ்டியன், 1942இல் ஜார்ஜியா, 1948இல் சதர்ன் மெத்தடிஸ்ட், 1957இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், 1959இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வீரர்கள் ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றனர். இந்த ஐந்து அணிகளிலும் அப்போது கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. அந்த வெற்றியாளர்களின் திறமையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால், போட்டியிட அனுமதிக்கப்படாதவர்களோடு ஒப்பிடாமல் ‘தலைசிறந்தவர்’ என்ற பட்டத்தை எவ்வாறு நிறுவுவது என்ற கேள்வி எஞ்சுகிறது.

வட மாநிலங்களின் சில கல்லூரிகள் கறுப்பின மாணவர்களை அணியில் சேர்த்துக்கொண்டன. அங்கும் ‘கனவான்களின் ஒப்பந்தம்’ என்று அழைக்கப்பட்ட எழுதப்படாத வழக்கம் ஒன்று நிலவியது. தென்னக அணியோடு மோதும்போது வடக்கத்திய அணி தன் கறுப்பின வீரரை வெளியே உட்கார வைத்துவிட வேண்டும் என்பதே அது. 1934 அக்டோபரில் ஜார்ஜியா டெக் அணி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆட வந்தபோது, மிச்சிகனின் சிறந்த வீரர்களுள் ஒருவரான வில்லிஸ் வார்ட் தன் சொந்த மைதானத்திலேயே ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெரால்டு ஃபோர்டு அப்போது வார்டின் அணித் தோழர். இந்த அநீதியைக் கண்டு தானும் ஆட்டத்தைத் துறக்க எண்ணியவர். விருந்தாளியின் மனம் கோணாமல் இருக்க வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்திய இந்த நாகரிகத்துக்குத்தான் ‘கனவான்’ என்ற அடைமொழி.

1951 அக்டோபர் 20 அன்று நடந்தது இதைவிடக் கொடியது. டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட், முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் ஓட்டமும் எறிதலும் சேர்ந்த மொத்தக் கெஜக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம் பெற்றிருந்தார். ஹெய்ஸ்மன் கோப்பைக்கான வலுவான பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் நடந்த ஆட்டத்தில், பந்து தன் கையில் இல்லாத நேரத்தில் எதிரணி வீரர் ஒருவரால் அவர் முகத்தில் தாக்கப்பட்டார். அவரது தாடை முறிந்தது. தாக்கப்பட்ட பிறகும் 61 கெஜ தூரத்துக்கு ஒரு டச்டவுன் எறிதலை அவர் நிகழ்த்தினார். அதன் பின்னரும் அடி தொடர்ந்தது. ஆட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ‘டி மாய்ன் ரெஜிஸ்டர்’ நாளிதழின் படக்கலைஞர்கள் இருவர் அந்தத் தாக்குதலை வரிசையான படங்களாகப் பதிவு செய்தனர். 1952இல் அவற்றுக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. தாக்கிய வீரர்மீது எந்தத் தண்டனை நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. அதைக் கண்டித்து டிரேக் பல்கலைக்கழகம் அந்தக் கூட்டமைப்பிலிருந்தே விலகியது.

அவ்வாண்டு ஹெய்ஸ்மன் வாக்கெடுப்பில் பிரைட் ஐந்தாம் இடம் பெற்றார். பருவத்தின் நடுவே தாடை உடைக்கப்பட்ட ஒருவரின் ‘தகுதி’யை எண்கள் அவ்வாறு பதிவு செய்தன. அவர் பின்னர் கனடாவுக்குச் சென்று அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்தின் பெரும் வீரர்களுள் ஒருவரானார். சம்பவம் நடந்த பல்கலைக்கழகம் மன்னிப்புக் கடிதம் எழுதியது 2005இல். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே பிரைட் மறைந்துவிட்டார்.

1956: இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி

வாக்கெடுப்பின் சாய்வைக் காட்ட அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆண்டு 1956. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிரவுன் அவ்வாண்டு எட்டே ஆட்டங்களில் 986 கெஜம் ஓடினார். கோல்கேட் கல்லூரிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன்களும் ஏழு கூடுதல் உதைகளுமாக 43 புள்ளிகளைத் தனியாகக் குவித்தார். அவரது அணி பருவத்தின் எட்டு ஆட்டங்களில் ஏழை வென்றது.

கோப்பை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பால் ஹார்னங்குக்குச் சென்றது. அவரது அணி அவ்வாண்டு இரண்டு ஆட்டங்களை வென்று எட்டில் தோற்றிருந்தது. தோல்வி மிகுந்த அணியிலிருந்து இவ்விருதைப் பெற்றவர் இன்றுவரை ஹார்னங் ஒருவரே. அவர் 3 டச்டவுன் எறிதல்களை நிகழ்த்தியிருந்தார். அவர் எறிந்த 13 பந்துகள் எதிரணியினர் கைகளில் சிக்கியிருந்தன. பிரவுன் ஐந்தாம் இடத்தில் நிறுத்தப்பட்டார்.

நேர்மையாகச் சொல்வதானால், ஹார்னங் எளிய ஆட்டக்காரர் அல்லர். அவர் எறிந்தார், ஓடினார், உதைத்தார், தற்காப்பிலும் ஆடினார். தொழில்முறை ஆட்டத்திலும் பெயர் பெற்றார். நோட்டர் டேம் என்ற பெயருக்கு நாடு முழுவதும் இருந்த செல்வாக்கும் அவருக்கு உதவியது. இடையில் இருந்த மூன்று வெள்ளையின வீரர்களும் வலுவானவர்களே. ஒவ்வொரு வாக்குக்கும் பின்னால் இனவெறுப்பு இருந்தது என்று யாராலும் மெய்ப்பிக்க முடியாது. பாகுபாடு பெரும்பாலும் இவ்வாறுதான் இயங்குகிறது: ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே ஒரு நியாயம் சொல்லலாம், முடிவுகளை வரிசையாக அடுக்கும்போதுதான் வடிவம் புலப்படும். 26 ஆண்டுகளில் 26 வெள்ளையர் என்பது அந்த வடிவம்.

பிரவுன் தொழில்முறை ஆட்டத்தில் ஒன்பது பருவங்கள் ஆடி, அவற்றுள் எட்டில் ஓட்டக் கணக்கில் முதலிடம் பெற்றார். அமெரிக்கக் கால்பந்தின் மிகச்சிறந்த வீரர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் ஒலிக்கும் பெயர்களுள் ஒன்று அவருடையது.

1961: எர்னி டேவிஸ்

பிரவுன் அணிந்த 44ஆம் எண் சட்டையையே சிரக்யூஸில் அவருக்குப் பின் எர்னி டேவிஸ் அணிந்தார். 1959இல் அந்த அணி ஒரு தோல்வியும் இன்றி தேசிய வாகையர் பட்டத்தை வென்றது. 1960 புத்தாண்டு நாளில் டாலஸ் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தின் தலைசிறந்த வீரராக டேவிஸ் அறிவிக்கப்பட்டார். அன்று மாலை நடந்த விருந்தில், கறுப்பின வீரர்கள் விருதைப் பெற்றுக்கொண்டவுடன் வெளியேறிவிட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. ஆட்டத்தை வென்று கொடுத்தவருக்கு அந்த வெற்றியைக் கொண்டாடும் மண்டபத்தில் உட்கார இருக்கை இல்லை.

1961இல் டேவிஸ் சிரக்யூஸில் பிரவுன் நிறுவிய சாதனைகளை முறியடித்தார். அவ்வாண்டு ஹெய்ஸ்மன் வாக்கெடுப்பில் 824 புள்ளிகளோடு முதலிடம் பெற்றார். 771 புள்ளிகளோடு இரண்டாமிடம் பெற்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாப் ஃபெர்குசனும் கறுப்பினத்தவரே. முதல் இரண்டு இடங்களும் கறுப்பின வீரர்களுக்குச் சென்றது அதுவே முதன்முறை. நியூயார்க்கில் இருந்த அதிபர் கென்னடி, டேவிஸைச் சந்தித்துக் கைகுலுக்கி வாழ்த்தினார்.

இந்த முன்னேற்றம் தானாகக் கனிந்தது அன்று. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு, உணவக மறியல்கள், 1961இன் விடுதலைப் பயணங்கள் என்று நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. டேவிஸின் அடுத்த கட்டம் இதைத் தெளிவாகக் காட்டும். தொழில்முறை அணிகளுள் கறுப்பின வீரரை ஏற்க மறுத்த கடைசி அணி வாஷிங்டன். அந்த அணி ஆடிய புதிய மைதானம் ஒன்றிய அரசின் நிலத்தில் கட்டப்பட்டிருந்தது. பாகுபாடு காட்டினால் மைதானம் கிடையாது என்று உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடல் எச்சரித்த பிறகே அணியின் உரிமையாளர் பணிந்தார். அவ்வாறு முதல் தெரிவாக எடுக்கப்பட்ட டேவிஸ், பின்னர் கிளீவ்லாந்து அணிக்கு மாற்றப்பட்டார். அவருக்கு ஈடாக வந்த பாபி மிட்செல் வாஷிங்டன் அணியின் முதல் கறுப்பின நட்சத்திரமானார். உரிமையாளரின் மனமாற்றத்துக்காகக் காத்திருந்தால் அந்த வாயில் எப்போது திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அரசின் நிலமும் அரசின் அழுத்தமும் அதைத் திறந்தன.

டேவிஸால் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆட முடியவில்லை. 1962இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 1963 மே 18 அன்று, 23ஆம் வயதில் காலமானார்.

ஓடலாம், வழிநடத்தக் கூடாது

1974 முதல் 1983 வரையான பத்து ஆண்டுகளிலும் கோப்பையைக் கறுப்பின வீரர்களே வென்றனர். இவ்விருதை இருமுறை பெற்ற ஒரே வீரரான ஆர்ச்சி கிரிஃபின், டோனி டார்செட், எர்ல் கேம்பல், ஹெர்ஷல் வாக்கர் என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பாகுபாடு ஒழிந்தது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. 1969இல் தேசிய வாகையரான டெக்சஸ் அணி முழுவதும் வெள்ளையர்களால் ஆனது. எட்டே ஆண்டுகளில், 1977இல், அதே பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் கேம்பல் ஹெய்ஸ்மன் பெற்றார். மாற்றம் மெய்யானது.

ஆனால் அந்தப் பத்து விருதுகளையும் பெற்றவர்கள் அனைவரும் ஒரே நிலையில் ஆடியவர்கள். ‘ரன்னிங் பேக்’ எனப்படும் அந்த நிலையில் ஆடுபவரின் பணி, பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவது. அணியை வழிநடத்துபவர் ‘குவார்ட்டர்பேக்’. உத்தியை அறிவிப்பதும், எதிரணியின் அமைப்பைப் படித்து நொடிப்பொழுதில் முடிவெடுப்பதும், பந்தை யாருக்குத் தருவது என்று தீர்மானிப்பதும் அவரே. அந்த நிலை ‘சிந்திப்பவருக்கு’ உரியது, அது வெள்ளையருக்கே பொருந்தும் என்ற எண்ணம் பயிற்சியாளர்களிடம் வேரூன்றியிருந்தது. பள்ளியில் குவார்ட்டர்பேக்காக மிளிர்ந்த கறுப்பின மாணவர், கல்லூரிக்கு வந்ததும் வேறு நிலைக்கு மாற்றப்படுவது வழக்கமாக இருந்தது. ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற சமூகவியலாளர்கள் 1970இல் வெளியிட்ட ஆய்வு, அணியின் மையத்தில் முடிவெடுக்கும் நிலைகளில் வெள்ளையரும், விளிம்பு நிலைகளில் கறுப்பினத்தவரும் குவிந்திருப்பதை எடுத்துக்காட்டியது. உடலுக்கு இடமுண்டு, மூளைக்கு இடமில்லை என்பதே இதன் பொருள்.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதன்று. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவரது சுழற்பந்து இந்து ஜிம்கானா அணிக்குத் தேவைப்பட்டது. அவரது தலைமை தேவைப்படவில்லை. பலமுறை கோரிக்கை எழுந்தும் தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல்தான் அந்தப் பதவியை அடைந்தார்.

அமெரிக்காவில் 1977–78ஆம் ஆண்டுப் பருவத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வழிநடத்தி ரோஸ் பவுல் ஆட்டத்தை வென்று, அதன் சிறந்த வீரராகவும் தேர்வான வாரன் மூன் என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக்கை, அவ்வாண்டு எந்தத் தொழில்முறை அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு நிலைக்கு மாற மறுத்த அவர் கனடா சென்று ஆறு பருவங்கள் ஆடி, தன்னை மெய்ப்பித்து, பின்னரே நாடு திரும்பினார். 2006இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார்.

ஹெய்ஸ்மன் கோப்பையைப் பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரே வேர், ஆண்டு 1989. டேவிஸுக்குப் பின் இந்த இரண்டாவது வாயில் திறக்க மேலும் 28 ஆண்டுகள் பிடித்தன. 1993இல் சார்லி வார்ட் இரண்டாமவரானார். கோப்பை பெற்ற அவரையும் தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கூடைப்பந்துக்குச் சென்று நியூயார்க் நிக்ஸ் அணியில் ஆடினார். மூன்றாமவருக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகே நிலை வேகமாக மாறியது. 2010 முதல் 2023 வரையான 14 விருதுகளில் எட்டு, கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளுக்குச் சென்றன. அவர்களுள் ஒருவரான லமார் ஜாக்சன் 2016இல் கோப்பை வென்றவர். 2018இல் தொழில்முறைத் தேர்வு நெருங்கியபோது, அவர் எறிவதை விட்டுப் பந்தைப் பிடிக்கும் நிலைக்கு மாற வேண்டும் என்று மூத்த நிபுணர் ஒருவர் வெளிப்படையாக அறிவுரை கூறினார். ஜாக்சன் மறுத்தார். முதல் சுற்றின் கடைசி இடமான 32ஆவது இடத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019இல் வாக்களித்த அனைவரின் முதல் தெரிவாக அவரே தொழில்முறைக் கால்பந்தின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அப்பழைய எண்ணம் சட்டத்தால் ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக எதிர்கொள்ள நேர்கிறது.

பார்க்கப்படாத கல்லூரிகள்

இன்னொரு வாயில் இன்றும் திறக்கவில்லை. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவடைத்த காலத்தில் கறுப்பின மக்களுக்காக உருவான கல்லூரிகள் நூற்றுக்கு மேல் உள்ளன. கிராம்ப்ளிங், ஜாக்சன் மாநிலம், ஆல்கார்ன் மாநிலம் முதலிய இக்கல்லூரிகள் தொழில்முறை ஆட்டத்தின் மாபெரும் வீரர்கள் பலரை உருவாக்கின. ஆயினும் இக்கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூட ஹெய்ஸ்மன் கோப்பையைப் பெற்றதில்லை.

1974இல் ஜாக்சன் மாநிலத்தின் வால்டர் பேட்டன் 14ஆம் இடமும், 1984இல் மிசிசிப்பி வேலி மாநிலத்தின் ஜெரி ரைஸ் 9ஆம் இடமும் பெற்றனர். இருவரும் பின்னாளில் தத்தம் நிலைகளில் வரலாற்றின் மிகச் சிறந்தவர்களாகப் போற்றப்பட்டவர்கள். 1977இல் கிராம்ப்ளிங்கின் குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ் நான்காம் இடம் பெற்றார். 1988 ஜனவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்தை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவரே. 1994இல் ஆல்கார்ன் மாநிலத்தின் ஸ்டீவ் மெக்நேர் மூன்றாம் இடம் வரை வந்தார். அதுவே உச்சம்.

இதற்குச் சொல்லப்படும் காரணம், இக்கல்லூரிகள் வலுக்குறைந்த எதிரணிகளோடு ஆடுகின்றன என்பது. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த வலுக்குறைவு எவ்வாறு வந்தது? இனப்பிரிவினை தளர்ந்ததும் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞர்களுள் சிறந்தவர்களை ஈர்த்துக்கொண்டன. பணமும் தொலைக்காட்சியும் அங்கேயே குவிந்தன. கறுப்பினக் கல்லூரிகளுக்கு அந்த வருவாயில் பங்கு கிடைக்கவில்லை. டிராவிஸ் ஹன்டர் என்ற இளைஞர் 2022இல் பெரிய பல்கலைக்கழகங்களின் அழைப்புகளை ஒதுக்கிவிட்டு ஜாக்சன் மாநிலத்தில் சேர்ந்தபோது நாடே வியந்தது. அடுத்த ஆண்டு தன் பயிற்சியாளரோடு கொலராடோவுக்கு மாறினார். 2024இல் ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றபோது அவர் கொலராடோவின் வீரர்.

பணத்தின் நேர்மை

தலைசிறந்த ஆற்றலோடு நேர்மையையும் உடையவரைக் கௌரவிப்பதாக இவ்விருதை நிர்வகிக்கும் அறக்கட்டளை கூறிக்கொள்கிறது. அந்த ‘நேர்மை’ சோதிக்கப்பட்டது ரெஜி புஷ் விவகாரத்தில். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் புஷ் 2005இல் மிகப் பெரும் வேறுபாட்டில் கோப்பையை வென்றார். அவர் மாணவராக இருந்தபோது, விளையாட்டு முகவர்களாக விரும்பியவர்கள் அவருடைய குடும்பத்துக்கு வீட்டு வசதி உட்பட உதவிகள் செய்தனர் என்று கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியக் கழகம் 2010இல் அறிவித்தது. மாணவ வீரர் கல்வி உதவித்தொகைக்கு மேல் எதையும் பெறக் கூடாது என்பது அன்றைய விதி. புஷ் கோப்பையைத் துறந்தார். 2005ஆம் ஆண்டின் இடம் வெறுமையாக விடப்பட்டது.

அதே காலத்தில் பல்கலைக்கழகங்கள் ஒளிபரப்பு உரிமைகளையும், நுழைவுச் சீட்டுகளையும், புஷ் அணிந்த எண் பொறித்த சட்டைகளையும் விற்றுக்கொண்டிருந்தன. பயிற்சியாளர்களின் ஊதியம் பல இலட்சம் டாலர்களை எட்டியது. பெரிய அணிகளின் வீரர்களுள் கறுப்பினத்தவர் பெரும்பங்கினர். அவர்களுள் பலர் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். உழைப்பு ஒரு பக்கம், வருவாய் மறுபக்கம் என்று பிரித்து வைத்த ஏற்பாட்டுக்கு ‘அமெச்சூர் தூய்மை’ என்று பெயர். தூய்மை என்ற சொல் யாருடைய நலனைக் காக்கிறது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த பயன்களுக்குத் தேசியக் கழகம் உச்சவரம்பு விதிப்பது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் ஈட்ட வழி திறந்தது. 2025இல் ஏற்கப்பட்ட ஒரு வழக்குத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை தம் வீரர்களோடு நேரடியாகப் பகிரலாம். 2024 ஏப்ரலில், காலம் மாறிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி அறக்கட்டளை புஷ்ஷுக்குக் கோப்பையைத் திருப்பித் தந்தது. நேற்று நேர்மைக்கேடு எனப்பட்டது இன்று ஒப்பந்தம். இடைப்பட்ட 14 ஆண்டுகளில் மாறியது விதி மட்டுமே. 2005இல் புஷ் ஆடிய ஆட்டம் மாறவில்லை.

எண்ணப்படுவதற்கு முன்

ஹெய்ஸ்மன் கோப்பையின் 90 ஆண்டு வரலாற்றை ஒரு முன்னேற்றக் கதையாகச் சொல்வது எளிது. 1961இல் ஒரு வாயில், 1989இல் ஒரு வாயில், 2021இல் ஒரு வாயில் எனத் திறந்துகொண்டே வந்தன என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எந்த வாயிலும் வாக்காளர்களின் நல்லெண்ணத்தால் மட்டும் திறந்துவிடவில்லை. நீதிமன்றத் தீர்ப்பும், தெருப் போராட்டமும், அரசின் அழுத்தமும், வேறு நிலைக்கு மாற மறுத்த வீரர்களின் பிடிவாதமும் அதற்குத் தேவைப்பட்டன. வாயில் திறந்த பிறகு, ‘திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, இதோ பாருங்கள், அவர் வென்றுவிட்டாரே’ என்று அந்த வெற்றியாளரையே சான்றாகக் காட்டும் பேச்சும் உடனே பிறந்தது.

ஒரு விருதுப் பட்டியலையோ, ஒரு தேர்வு முடிவையோ, ஒரு பணி நியமனப் பட்டியலையோ ‘தகுதி’யின் கண்ணாடியாக நம்முன் வைக்கும்போது, ஹெய்ஸ்மன் வரலாறு மூன்று கேள்விகளைக் கேட்கத் தூண்டுகிறது. போட்டியிட யாருக்கு அனுமதி இருந்தது? அனுமதிக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பணிகள் ஒதுக்கப்பட்டன, எவை மறுக்கப்பட்டன? அளந்தவர்களின் பார்வை எந்த மைதானங்கள்வரை சென்றது? 1951இல் ஐந்தாமிடத்தில் நின்ற ஜானி பிரைட்டின் பெயரையும், 1956இல் அதே ஐந்தாமிடத்தில் நிறுத்தப்பட்ட ஜிம் பிரவுனின் பெயரையும் வெற்றியாளர் பட்டியலில் காண முடியாது. அந்தப் பட்டியலைப் புரிந்துகொள்ள அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.